எந்த வழியால் முதலில் உடையும்? தறையாணி இணைப்பின் கணக்கு

இந்தச் சஞ்சிகையை வாசிப்பவர்களில் கணிசமானோர் பகலிலோ இரவிலோ ஏதோவொரு தொழிற்சாலையில் இரும்போடும் தகரத்தோடும் மாரடிப்பவர்கள். ஆயினும் நாம் கூடும்போது கதைப்பது அரசியல், இலக்கியம், சாதி, பெண்விடுதலை என்பன பற்றியே. கையில் பிடிக்கும் பொருளைப் பற்றி எழுத எம்மவர்க்கு ஏதோவொரு கூச்சம். அந்தக் கூச்சம் தேவையற்றது என்பதே என் அபிப்பிராயம்.

ஊரில் பன்னிரண்டு வருடங்கள் பொருட்களின் வலிமை பற்றிய பாடத்தைக் கற்பித்தவன் நான். இப்போது விம்பிள்டனுக்கு அண்மையில் காற்றோட்டக் குழாய்கள் செய்யும் சிறிய தொழிற்சாலையொன்றில், அதே பாடத்தில் வரும் தகடுகளுக்கு ஓட்டை போட்டு றிவெற் அடிக்கிறேன். அங்கே என்னோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "மாஸ்ரர், ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடையிலை ஏன் இவ்வளவு தூரம் விடச் சொல்லுறாங்கள்? இன்னும் நாலைஞ்சு கூட அடிச்சா இன்னும் பலம்தானே?"

நியாயமான கேள்வி. ஆனால் விடை "இல்லை" என்பதுதான். ஏன் இல்லை என்பதை விளக்கவே இதனை எழுதுகிறேன். ஒரு சதுரங்கத் தாள் கொப்பியும் பென்சிலும் இருந்தால் போதும். கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்த எவரும் இக்கணக்கைச் செய்யலாம்.

எமது தெருவிலிருந்தே ஓர் உதாரணம்

விம்பிள்டனில் ஏறி நகரத்துக்குள் போகும் டிஸ்றிக்ற் லைன் வண்டி, ஈஸ்ற் புட்னிக்கும் புட்னி பிறிட்ஜுக்கும் இடையில் தேம்ஸ் நதியைக் கடக்கிறது. அந்தப் பாலம் 1889 இல் திறக்கப்பட்டது. வண்டிக்குள் இருப்பவர்களுக்கு அது சில விநாடி இரைச்சல் மட்டுமே. ஆனால் பாலத்தின் ஒரு பக்கத்தில் நடைபாதையும் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் நடந்து பாருங்கள். குறுக்கும் மறுக்குமாகப் பின்னப்பட்ட இரும்புச் சட்டங்களும், அவை சந்திக்கும் இடமெங்கும் வரிசை வரிசையாக அரைக்கோள வடிவில் ஆணித் தலைகளும் தெரியும். இவைதான் தறையாணிகள். வேலைத்தலத்தில் நாம் றிவெற் என்போம்.

தறையாணிக்குப் புரி கிடையாது. ஒரு பக்கம் தலை உண்டு. மறுபக்கம் வெறும் தண்டு. செந்தணலாகக் காய்ச்சி ஓட்டைக்குள் விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை அடித்து மறுதலை ஆக்குவார்கள். அதன்பின் தலையை வெட்டாமல் கழற்ற இயலாது. நூற்றுமுப்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் பாலம் வண்டிகளைச் சுமப்பது இவ்வாணிகளின் துணையோடுதான்.

ஒரு சட்டத்தில் உள்ள இழுவை அடுத்த சட்டத்துக்குப் போவதற்கு வேறு பாதை இல்லை. முழு விசையும் இந்தச் சிறிய தண்டுகளினூடாகவே கடந்து செல்ல வேண்டும். ஆகவே சட்டம் எவ்வளவு பலம் என்ற கேள்விக்கு முன்னால், இணைப்பு எவ்வளவு பலம் என்ற கேள்வி நிற்கிறது.

மூன்று வழிகள்

ஒன்றின்மேல் ஒன்று படிய வைத்த இரண்டு தகடுகளை ஒரு வரிசை ஆணிகளால் இணைத்து, இரண்டையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கிறோம் என்று கொள்வோம். இவ்விணைப்பு பிரதானமாக மூன்று வழிகளில் கைவிடலாம்.

முதலாவது, ஆணி வெட்டுப்படலாம். மேல்தகடு ஒரு பக்கம், கீழ்த்தகடு மறுபக்கம் என இழுக்கும்போது கத்தரிக்கோலின் இரண்டு அலகுகளுக்கிடையில் அகப்பட்டதுபோல ஆணியின் தண்டு நறுக்கப்படும். இதைத் தடுப்பது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பளவு.

இரண்டாவது, ஆணி முறியாமல் நிற்க, அது தகட்டை நெரித்து ஓட்டையை நீள்வட்டமாக்கலாம். சேற்றில் நட்ட கட்டையைப் பலமாக இழுத்தால் கட்டை முறியாமல் சேறு விலகுவதுபோல. இதைத் தடுப்பது ஆணியின் விட்டத்தைத் தகட்டின் தடிப்பால் பெருக்கி வரும் பரப்பளவு.

மூன்றாவது, ஓட்டைகளின் வரிசை வழியே தகடே கிழியலாம். தபால் முத்திரைத் தாளை நினையுங்கள். துளையிட்ட வரிசையில்தான் அது கிழிகிறது. ஏனென்றால் அங்கேதான் தாள் மிகக் குறைவாக உள்ளது. இதைத் தடுப்பது ஓட்டைகளைக் கழித்தபின் மிஞ்சும் தகடு.

ஓட்டை தகட்டின் விளிம்புக்கு மிகக் கிட்டவாக இருந்தால் விளிம்பு பிய்ந்து போகும் ஆபத்தும் உண்டு. ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஆணி விட்டத்தின் ஒன்றரை மடங்காவது விடுவது பழைய வழக்கம். அதைக் கடைப்பிடித்தால் இதனைத் தனியாகக் கணக்கிடத் தேவையில்லை.

ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியாக விசையைக் கணித்து, வருவனவற்றில் மிகச் சிறிய இலக்கத்தை எடுக்க வேண்டும். அதுவே இணைப்பின் பலம். மூன்றையும் கூட்டுவதும் இல்லை, சராசரி எடுப்பதும் இல்லை. இரும்பு சராசரியைப் பார்த்து உடைவதில்லை. எங்கே இலகுவோ அங்கே உடைகிறது.

இலக்கங்களோடு

தகட்டின் தடிப்பு 10 மில்லிமீற்றர். ஓட்டையை நிரப்பி நிற்கும் ஆணியின் விட்டம் 20 மில்லிமீற்றர். ஆணிக்கும் ஆணிக்கும் இடைத்தூரம் 60 மில்லிமீற்றர். ஆகவே 60 மில்லிமீற்றர் அகலமான ஒவ்வொரு துண்டையும் ஓர் ஆணி பார்த்துக்கொள்கிறது.

அனுமதிக்கும் தகைப்பு, அதாவது ஒரு சதுர மில்லிமீற்றரில் நாம் சுமத்தத் துணியும் விசை, உதாரணத்துக்காக இப்படி இருக்கட்டும்: இழுவையில் 80 நியூற்றன், வெட்டில் 60, நெரிவில் 160. (விக்ரோறியா காலத்துப் பாலங்களில் இரும்புக்கு இழுவையில் சதுர இஞ்சிக்கு 5 தொன் என்பது அரசாங்க எல்லையாக இருந்தது, இன்றைய அளவில் ஏறத்தாழ 77 நியூற்றன். நான் எடுத்த இலக்கம் அதற்குக் கிட்ட.)

வெட்டு: தண்டின் பரப்பளவு 314 சதுர மில்லிமீற்றர். 60 ஆல் பெருக்க ஏறத்தாழ 18,800 நியூற்றன்.

நெரிவு: 20 ஐ 10 ஆல் பெருக்க 200. அதை 160 ஆல் பெருக்க 32,000 நியூற்றன்.

கிழிவு: 60 இலிருந்து ஓட்டையின் 20 ஐக் கழித்தால் 40. தடிப்பு 10 ஆல் பெருக்க 400. அதை 80 ஆல் பெருக்க 32,000 நியூற்றன்.

மிகச் சிறியது 18,800. ஏறத்தாழ 1,900 கிலோகிராம் பாரத்துக்குச் சமம். ஓட்டையே இல்லாத தகடு என்றால் 60 ஐ 10 ஆலும் 80 ஆலும் பெருக்க 48,000 நியூற்றன் தாங்கியிருக்கும். ஆகவே இவ்விணைப்பின் வினைத்திறன் நூற்றுக்கு 39 மட்டுமே. நல்ல தகட்டின் பலத்தில் அரைவாசிக்கு மேல் இணைக்கும்போதே போய்விட்டது.

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். அதே வரிசையில் ஆணிகளை நெருக்கினால் என்ன? 120 மில்லிமீற்றர் அகலத்தை எடுத்துக்கொள்வோம்.

இரண்டு ஆணி இருந்தால் வெட்டுத்தான் முந்தும்: ஏறத்தாழ 37,700 நியூற்றன்.

மூன்று ஆணி அடித்தால் வெட்டுக்கு 56,500 வரை தாங்கும். ஆனால் மூன்று ஓட்டைகளைக் கழித்தபின் தகட்டில் மிஞ்சுவது 60 மில்லிமீற்றர், கிழிவு 48,000. ஆகவே பலம் 48,000. கூடியிருக்கிறது.

நான்கு ஆணி அடித்தால் வெட்டுக்கு 75,000 க்கு மேல் தாங்கும். ஆனால் மிஞ்சும் தகடு 40 மில்லிமீற்றர், கிழிவு 32,000. இரண்டே ஆணி அடித்தபோது இருந்த பலம்கூட இப்போது இல்லை!

ஐந்து ஆணி அடித்தால் 16,000. இன்னொன்றைச் சேர்த்தால் ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிடும், தகடே இருக்காது. ஓட்டைகளின் இடைத்தூரம் ஆணி விட்டத்தின் இரண்டரை மடங்குக்குக் குறையக்கூடாது என்று கைநூல்கள் விதிப்பது இதனாலும், ஆணித் தலையை அடிக்க இடம் வேண்டுமென்பதாலும்தான்.

சரி, ஒரே வரிசையில் நெருக்காமல் இரண்டாவது வரிசை போட்டால்? இடைத்தூரம் அதே 60. ஒரு துண்டுக்கு இப்போது முன்னும் பின்னுமாக இரண்டு ஆணி. வெட்டு 37,700, நெரிவு 64,000, கிழிவு மாறாமல் 32,000. வினைத்திறன் நூற்றுக்கு 67 ஆக உயர்கிறது. மூன்றாவது வரிசை போட்டால்? வெட்டு 56,500 ஆகும், ஆனால் கிழிவு அதே 32,000. மூன்றாவது வரிசை வீண். கூலிச் செலவு மட்டும் மிச்சம். ஆனால் மூன்று வரிசை போட்டு இடைத்தூரத்தை 90 ஆக அகட்டுங்கள். கிழிவு 56,000, வெட்டு 56,500, இரண்டும் ஏறத்தாழச் சமம். முழுத்தகட்டின் 72,000 உடன் ஒப்பிட்டால் வினைத்திறன் நூற்றுக்கு 78. ஆணிகளை அகட்டியதால் பலம் கூடியிருக்கிறது.

இணைப்பை வடிவமைக்கும் கலையின் சாரம் இதுவே. ஆணியையும் தகட்டையும் ஏறத்தாழ ஒரே விசையில் கைவிடும்படி சமப்படுத்துவது. ஒன்றை மட்டும் பலப்படுத்திக்கொண்டே போவது மற்றதைப் பலவீனப்படுத்துவதாகவே முடியும்.

இதை முதலில் ஒழுங்காகப் பரிசோதித்தவர்களில் ஒருவர் மான்செஸ்ரரில் இருந்த வில்லியம் பெயர்பேர்ண். 1838 இல் அவர் செய்த பரிசோதனைகளில், முழுத்தகட்டின் பலம் 100 என்றால் இருவரிசை இணைப்புக்கு 70, ஒருவரிசை இணைப்புக்கு 56 என்று கண்டார். அந்தக் காலத்தில் நீராவிக் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர் இறந்துகொண்டிருந்தார்கள். தகட்டின் பலத்தை வைத்து மட்டும் கொதிகலனைக் கணக்கிடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இந்த மூன்று இலக்கங்களும் சொல்லின. இதே பெயர்பேர்ண்தான் கொதிகலன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குப் பதிலாக ஆணி அடிக்க இயந்திரம் ஒன்றை உருவாக்கியவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம். தொழில்நுட்ப வரலாறு ஒருபோதும் தனியே தொழில்நுட்ப வரலாறாக இருப்பதில்லை.

கணக்குக்குள் வராத கை

மேலே செய்த கணக்கில் சொல்லாமல் விட்ட அனுமானங்கள் உண்டு. எல்லா ஆணிகளும் பாரத்தைச் சமமாகப் பங்கிடுகின்றன என்று கொண்டோம். உண்மையில் ஆரம்பத்தில் ஓரத்து வரிசைகளே கூடச் சுமக்கின்றன. இரும்பு சற்று இளகிக் கொடுப்பதனால்தான் பின்னர் பங்கு சமமாகிறது. ஆணி ஓட்டையை முழுதாக நிரப்பியிருக்கிறது என்றும் கொண்டோம். அது நிரம்புவதும் நிரம்பாததும் அடிப்பவரின் கையில்.

உராய்வை முற்றாக ஒதுக்கினோம். ஆனால் உராய்வு சிறிய விடயமல்ல. ஒரு மீற்றர் உருக்கு ஒவ்வொரு 100 பாகை செல்சியஸ் குளிருக்கும் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் சுருங்கும். 100 மில்லிமீற்றர் நீளத் தண்டு 500 பாகை குளிர்ந்தால் 0.6 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். தலைகள் இரண்டும் தகடுகளைப் பற்றி நிற்பதால் அதற்குச் சுருங்க இடமில்லை. ஆகவே அது தன் மீள்தன்மை எல்லைவரை இழுபட்டு, தகடுகளை இறுக்கி நெரித்தபடியே வாழ்நாள் முழுவதும் இருக்கும். பல பாலங்களில் அன்றாடப் பாரத்தைச் சுமப்பது இந்த இறுக்கத்தால் வரும் உராய்வே. ஆயினும் சூடு போதாமல் அடித்த ஆணியில் அந்த இறுக்கம் இராது. எந்த ஆணி அப்படி என்பது கணக்குப் போடுபவருக்குத் தெரியாது. எனவே உராய்வு இல்லை என்று வைத்துக் கணிப்பது வழக்கம்.

ஆணி அடிப்பது ஒரு குழுவின் வேலை. ஒருவர் உலையில் காய்ச்சுவார். ஒருவர் ஓட்டைக்குள் செருகுவார். ஒருவர் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். ஒருவரோ இருவரோ மறுமுனையை அடிப்பார்கள். குளிர்ந்தபின் சிறிய சுத்தியலால் தட்டி, வரும் சத்தத்தை வைத்தே ஆணி இறுகியிருக்கிறதா தளர்ந்திருக்கிறதா என்று சொல்வார்கள். பொறியியலாளரின் கொப்பியில் இருக்கும் இலக்கம், பெயர் தெரியாத இந்தக் கைகள் சரியாகச் செய்யும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட இலக்கம்.

கண்டவர்களும் கேளாதவர்களும்

இணைப்பைக் கணிக்காமல் விட்டால், அல்லது இணைப்பு சொல்வதைக் கேளாமல் விட்டால் என்ன நடக்கும்? மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1907 ஓகஸ்ற் 29. கனடாவின் கியூபெக் நகருக்கு அருகில் சென் லோறன்ஸ் நதியின்மேல் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பாலம் விழுந்தது. 75 தொழிலாளர் இறந்தார்கள். அவர்களில் 33 பேர் கானவாகே என்ற ஒரே குடியிருப்பைச் சேர்ந்த மோஹோக் பூர்வகுடி மக்கள். பாலத்தின் நீளத்தைக் கூட்டியபின் அதன் சொந்தப் பாரத்தைத் திருப்பிக் கணிக்காமல் விட்டிருந்தார்கள். நெரிக்கப்பட்ட பெரிய கீழுறுப்புகளைச் சேர்த்துக் கட்டியிருந்த பின்னல் சட்டங்களும் அவற்றின் ஆணிகளும் அந்தப் பாரத்துக்குப் போதவில்லை. உறுப்பொன்று இரண்டு இஞ்சிக்கு மேல் வளைந்திருந்ததைத் தலத்தில் இருந்தவர்கள் அளந்து அறிவித்திருந்தார்கள். அது வரும்போதே வளைந்திருந்ததா இல்லையா என்ற விவாதம் நடந்தது. நியூயோர்க்கில் இருந்த ஆலோசகப் பொறியியலாளரைச் சந்திக்க ஆள் அனுப்பப்பட்டது. பாரம் ஏற்றவேண்டாம் என்று அவர் அடித்த தந்தி, வேலை செய்துகொண்டிருந்தவர்களை நேரத்துக்கு எட்டவில்லை.

1988 ஏப்பிரல் 28. ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் 24,000 அடி உயரத்தில் பறக்கையில், அதன் கூரையில் ஏறத்தாழ 18 அடி நீளத் துண்டு பிய்ந்து போனது. பணிப்பெண் ஒருவர் காற்றோடு இழுத்துச் செல்லப்பட்டார். மற்றவர்களோடு விமானி எப்படியோ தரையிறக்கினார். அந்த இணைப்பு நாம் மேலே கணித்த அதே வகை: ஒன்றின்மேல் ஒன்று படிந்த தகடு, மூன்று வரிசை ஆணி, நடுவில் பசை. பசை விட்டுப்போகவே பாரம் முழுவதும் ஆணிகளுக்கு வந்தது. அந்த விமானம் 89,680 தடவை பறந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்க, ஓட்டைகளின் விளிம்பிலிருந்து மயிர்க்கீறல்கள் வளர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. இது நான்காவது வழி: உலோகக் களைப்பு. ஒருமுறை இழுத்துப் பார்க்கும் எமது கணக்கு இதைக் காட்டாது. விமானத்தில் ஏறும்போதே பயணி ஒருவர் உடலில் வெடிப்பொன்றைக் கண்டிருந்தார் என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. அவர் எவரிடமும் சொல்லவில்லை.

2007 ஓகஸ்ற் 1. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி நதியைக் கடக்கும் நெடுஞ்சாலைப் பாலம் மாலை நேரத்து வாகனங்களோடு விழுந்தது. 13 பேர் இறந்தனர். சட்டங்களில் பிழை இல்லை. சட்டங்கள் கூடும் மூலையில் அவற்றைப் பற்றிப் பிடிக்கும் ஆணியடித்த இணைப்புத் தகடு அரை இஞ்சித் தடிப்பாக இருந்தது. ஏறத்தாழ ஒரு இஞ்சி இருந்திருக்க வேண்டும். 1960களில் நடந்த பிழை. அதன்பின் பாலத்தின் பலத்தைத் திருப்பிக் கணித்தபோதெல்லாம் சட்டங்களையே கணித்தார்கள். இணைப்புத் தகடுகளை அல்ல. அவை வளைந்திருப்பதைக் காட்டும் 2003 ஆம் ஆண்டுப் படங்கள் இருந்தன. எடுத்தவர்கள் இருந்தார்கள், பார்த்தவர்கள் இருந்தார்கள், அதன் பொருளைக் கேட்டவர் இல்லை.

துருவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எமது பெற்றோர் காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி றெயிலில் கடந்த பாம்பன் பாலம் 1914 இல் திறக்கப்பட்ட ஆணியடித்த பாலம். கடற்காற்று அதன் இரும்பைத் தின்றுகொண்டே இருந்தது. பாதுகாப்புக் காரணத்தால் 2022 டிசம்பரில் அதில் றெயில் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்பிரலில் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்டது. நாம் 10 மில்லிமீற்றர் என்று எழுதிய தடிப்பு, காலம் போக 10 ஆகவே இருப்பதில்லை. கணக்கு ஒருமுறை செய்து முடித்துவிடும் காரியமல்ல.

எமக்கு இதில் என்ன

புதிய பாலங்களிலும் கட்டடங்களிலும் இன்று உயர்பலப் போல்ற்றும் ஒட்டிணைப்பும் தறையாணியின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனாலும் விமானத்தில், லொறி உடலில், எமது காற்றோட்டக் குழாயில் அது இருக்கிறது. கடையின் பின்னறையில் நாமே பூட்டும் இரும்புத் தட்டிலும், கோயில் திருவிழாவுக்கு எழுப்பும் பந்தற் கால்களிலும் இணைப்பு இருக்கிறது. அங்கேயும் இதே மூன்று கேள்விகள்தான்: ஆணி வெட்டுப்படுமா, தகடு நெரியுமா, ஓட்டை வரிசை கிழியுமா? இருபது மூட்டை அரிசியை மேலே அடுக்குமுன் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை.

ஆனால் கேட்பதற்கு இடம் தேவை. நான் முன்பு வேலை செய்த ஓரிடத்தில், பாரந்தூக்கும் கொக்கியொன்றைத் தாங்கிய தகட்டில் ஓட்டைகள் நீண்டிருப்பதைக் காட்டினேன். உன்னுடைய வேலையைப் பார் என்பதே மறுமொழி. எமது உச்சரிப்பும் எமது விசாவும் எமது வாயை மூடுவதற்குப் போதுமானவை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நினைப்பதற்கு இடம் கொடுப்பவர்களாக நாமும் இருக்கிறோம். பிரித்தானியாவின் 1974 ஆம் ஆண்டு வேலைத்தலச் சுகாதார, பாதுகாப்புச் சட்டம் முதலாளிக்குக் கடமைகளை விதிக்கிறது. தொழிலாளிக்கும் தன்னையும் மற்றவரையும் காக்கும் கடமையை விதிக்கிறது. பாரதூரமான ஆபத்தைச் சுட்டிக்காட்டியதற்காகத் தண்டிக்கக்கூடாது என்று 1996 ஆம் ஆண்டுத் தொழில் உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் தாளில் இருப்பது தகட்டில் வரைந்த கோடு போன்றது. அதன்வழி ஓட்டை போட்டு ஆணி அடிப்பது எமது வேலை.

கியூபெக்கில் வளைவைக் கண்டவர்களிடம் கட்டளையிடும் அதிகாரம் இருக்கவில்லை. மினியாபொலிஸில் கணக்கு அறிந்தவர்கள் தகட்டைப் பார்க்கவில்லை. எமது சமூகத்தில், கணக்குப் படித்து இன்று கையால் வேலை செய்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வரலாறு எமக்குச் செய்த அநியாயம் அது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் தகட்டையும் கணக்கையும் ஒரே ஆள் அறிந்திருப்பது அரிது. அந்த அறிவைத் தேத்தண்ணி நேரத்துப் பெருமூச்சாகக் கரைப்பதா, பக்கத்தில் நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் தமிழில் சொல்லிக் கொடுப்பதா என்பதை நாமே தீர்மானிக்கலாம்.

ஒட்டிணைப்பு வேலை செய்பவர்கள், சாரம் கட்டுபவர்கள், மின்வேலை செய்பவர்கள் தத்தம் தொழிலின் கணக்கை இப்பக்கங்களில் எழுத முன்வர வேண்டும். நான் எடுத்த இலக்கங்களோடும், சொன்ன கருத்துகளோடும் உடன்படாதவர்கள் அவசியம் எழுதுங்கள்.